பீலித் தண்ணீரில் ஜீவராணி வளர்த்த பாசி

2020 நவம்பரில் ஜீவராணி நீர்கொழும்பிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தாள். மறுநாள் காலையிலேயே சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வந்து அவளுடைய லயத்து வீட்டின் காம்பராக் கதவில் தனிமைப்படுத்தல் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார். பதினான்கு நாள் வெளியே வரக்கூடாது. கணவன் அழகுமுத்துவும் அவளோடு சேர்ந்து அடைபட்டான். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் இடத்தில் அவனுக்கு வேலை. அந்த இரண்டு வாரமும் அதுவும் இல்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த அந்த லயத்தின் மற்றப் பதினொரு வீட்டுக்காரர்களும் அவர்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வீட்டுப் பெற்றீசியா அக்கா மட்டும் தினமும் அரிசி, மரக்கறி, இரண்டு வாளி தண்ணீர் எல்லாவற்றையும் வாசல் திண்ணையான இஸ்தோப்பின் ஓரத்தில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போவாள்.

இரண்டாம் நாள் ஜீவராணி ஜன்னல் வழியாக அவளைக் கூப்பிட்டு, உடைந்த பேசின் ஏதாவது இருந்தால் தரமுடியுமா என்று கேட்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, பாசி வளர்க்க என்று பதில் வந்தது. பெற்றீசியா சிரித்துவிட்டாள். லயத்துப் பெண்கள் மாதத்துக்கு ஒருமுறை தேங்காய் மட்டையும் சாம்பலும் கொண்டுபோய்ப் ஓடைத் தண்ணீர் குழாயில் வந்து விழும் பீலிக்கரையில் படிந்த பாசியைத் தேய்த்துக் கழுவுவார்கள். வழுக்கி விழுந்து கை முறிந்தவர்கள் உண்டு. அதைப் போய் யாராவது வளர்ப்பார்களா?

ஜீவராணி ஒன்பது வருடம் பாசியைத் தொட்டுத்தான் சம்பளம் வாங்கினாள். நீர்கொழும்புக்குப் பக்கத்தில் அலங்கார மீனும் நீர்ச்செடியும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியில், செடிப் பகுதியில் அவளுக்கு வேலை. கண்ணாடித் தொட்டிக்குள் சின்னத் தோட்டமே அமைக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பதும், அவர்களுக்குக் கல்லிலும் மரக்கட்டையிலும் ஒட்டி வளர்ந்த பச்சைப் பாசி வேண்டும் என்பதும் அங்கே போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கம்பனியில் அதை மொஸ் என்பார்கள். வழுக்கும் நூல்பாசி வேறு, இது வேறு. இதற்குச் சின்னத் தண்டு உண்டு, இலை உண்டு, வேர் மட்டும் கிடையாது. கத்தரியால் பொடியாக நறுக்கி, கல்லின்மேல் மெல்லியதாகப் பரப்பி, கறுப்பு நூலால் சுற்றிக் கட்டவேண்டும். ஐந்தாறு வாரத்தில் அது கல்லைப் பற்றிக்கொள்ளும். தடிப்பாக வைத்துக் கட்டினால் அடியில் வெளிச்சம் படாமல் அழுகிவிடும். ஜீவராணியின் கைக்கு அந்த மெல்லிய பரப்பல் நன்றாக வந்தது. ஒரு நாளைக்கு இருநூறு கல் கட்டுவாள்.

கொரோனா வந்து விமானங்கள் நின்று பல மாதம் ஆனதும் செடிப் பகுதியைத்தான் முதலில் மூடினார்கள். தொட்டிகளை வடித்துப் பாசியை வாரி வாரி வெளியே கொட்டினார்கள். ஜீவராணி கேட்டுக்கொண்டு அதில் ஒரு பிடியை எடுத்துத் தண்ணீர்ப் போத்தலில் அடைத்தாள். கிறிஸ்மஸ் மொஸ் என்று பெயர். ஒவ்வொரு கிளையும் கிறிஸ்மஸ் மரத்தின் கொப்பு மாதிரி முக்கோணமாகக் கீழ்நோக்கித் தொங்கும்.

தனிமைப்படுத்தல் முடிந்தபோது பெற்றீசியா கொடுத்த பேசினில் இருந்த பாசி, கொண்டுவந்தபடியே இருந்தது. வளரவுமில்லை, சாகவுமில்லை. மேலும் ஒரு மாதம் கழித்துத்தான் நுனியில் இளம்பச்சையாகக் குருத்து விட்டது. அதன் பிறகு அவள் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. நீர்கொழும்பில் வெயில் காலம் வந்தால் பாசி பழுப்பேறிக் கரையும். அதைக் காப்பாற்ற ஃபேன் போடுவார்கள், ஐஸ் போத்தலை மிதக்கவிடுவார்கள். இங்கே பீலித் தண்ணீரே அப்படிச் சில்லென்று வந்தது. பாதி நாள் மூடுபனி, மீதி நாள் மெல்லிய வெளிச்சம். பாசி மெதுவாக வளர்ந்தது. ஆனால் நெருக்கமாக, கரும்பச்சையாக, கம்பனியில் அவள் ஒருநாளும் பார்த்திராத அழகோடு வளர்ந்தது.

அழகுமுத்து பூண்டுலோயா டவுனில் மீன் கடைக்காரர்கள் வீசிய ரெஜிஃபோம் என்ற வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். மீன் வாடை போக அவற்றை வாரக்கணக்கில் ஊறவைத்துக் கழுவினார்கள். காம்பராவுக்குப் பின்னால், கோழிக்கூடு இருந்த இடத்தில் ஒரு பந்தல் போட்டு, பீலியிலிருந்து ஒரு சிறு குழாயை இழுத்து, ஒரு பெட்டி நிரம்பி அடுத்த பெட்டிக்குத் தண்ணீர் வழிகிறமாதிரி சரிவில் அடுக்கினான். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. இதெல்லாம் எதற்கு என்று ஒருமுறைதான் கேட்டான். பார்ப்போம் என்று அவள் சொன்னாள். அதற்குமேல் கேட்கவில்லை.

முதலில் வாங்கியவர் பிரேமினி டீச்சர். கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் இருப்பவர், பாடசாலை ஆசிரியை, வீட்டில் இரண்டு தொட்டி வைத்திருந்தார். மீன் வளர்ப்பவர்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஜீவராணி போட்ட படத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். ஈரக் கடதாசியில் சுற்றி, பொலிதீனில் அடைத்து, பூண்டுலோயாவிலிருந்து போகும் பஸ்ஸின் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள். மொஸ்ஸுக்கு ஈரம் இருந்தால் போதும், தண்ணீரில்லாமல் ஒரு வாரம்கூடத் தாங்கும். போய்ச் சேர்ந்த அன்றே, இப்படிப் பச்சையை நான் கடைகளில் கண்டதில்லை என்று பிரேமினி எழுதினார். அவர் சொல்லிச் சொல்லியே மற்றவர்கள் வந்தார்கள். 2023 தொடக்கத்தில் கண்டி, மாத்தளை, கொழும்பு என்று பதினொரு பேருக்கு அவள் ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தாள். கொழும்பில் ஒருவர் கடைக்காரர். இடையில் பெற்றோல் இல்லாமல் பஸ் ஓடாத மாதங்களும் வந்து போயின. பாசி அதுபாட்டுக்கு வளர்ந்தது.

அந்த வருடம் ஜூலை மழையில்தான் அது நடந்தது.

ஒரு சனிக்கிழமை காலை பிரேமினி ஒரு படம் அனுப்பியிருந்தார். தொட்டியின் அடியில், கறுப்பு மணலின்மேல், வெளிறிப்போன சின்ன இறால்கள் சரிந்து கிடந்தன. செந்நிறமான நகநீள இறால்கள் அவை. இரண்டு வருடமாகப் பெருக்கி வந்திருந்தார். முந்தின வாரம் வந்த மொஸ்ஸை வியாழக்கிழமை தொட்டியில் வைத்தாராம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லாம் போய்விட்டன. இந்த மொஸ்ஸை வைக்காத மற்றத் தொட்டியின் இறால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜீவராணி உடனே அழைத்தாள். எடுத்ததுமே பிரேமினி சொன்னார்:

"அக்கா, நான் உங்கள குறை சொல்றதுக்காக அனுப்பல. நீங்க மத்தவங்களுக்கும் குடுத்திருப்பீங்க. அவங்க எறாவாவது தப்பட்டும்னுதான்."

மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று ஜீவராணி சொன்னாள். பந்தலுக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகப் பார்த்தாள். பாசியில் ஒரு குறையும் தெரியவில்லை. அள்ளி முகர்ந்தால் மழை வாசம்தான் வந்தது. என் பாசி நல்லாத்தானே இருக்கு, உங்கள் தொட்டியில் வேறு ஏதோ கோளாறு என்று சொல்லிவிட அவளால் முடிந்திருக்கும். யாரும் மறுத்திருக்க முடியாது.

அவள் போனை எடுத்து மற்றப் பத்துப் பேருக்கும் ஒவ்வொருவராகக் குரல் பதிவு அனுப்பினாள். சிங்களக்காரர்களுக்குச் சிங்களத்தில் சொன்னாள். கடைசியாக அனுப்பிய பாசியை இறால் உள்ள தொட்டியில் வைக்கவேண்டாம், வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், காரணம் தெரிந்தபிறகுதான் இனி அனுப்புவேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அழகுமுத்து, யாரும் கேட்காமல் நீயாக ஏன் வாயைக் கொடுக்கிறாய் என்றான். அன்று பின்னேரமே கொழும்புக் கடைக்காரர் எடுத்துக் கண்டபடி ஏசினார். இன்னும் இரண்டு பேர் பதில்கூடப் போடவில்லை.

காரணத்தைத் தேடும்போது அவளுக்குக் கம்பனிப் பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்து போடுவார்கள். அந்தத் தொட்டியில் பயன்படுத்திய வலையைக்கூட இறால் தொட்டிக்குள் விடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு இருந்தது. மீன் தாங்கும் செம்பை இறால் தாங்காது. செம்பு இங்கே எங்கிருந்து வரும் என்று யோசித்துக்கொண்டே அழகுமுத்துவிடம் கேட்டாள். அவன் சொன்னான்:

"மேல நாலாம் நம்பர் மலையில தேயில கொப்புள நோய்க்கு மருந்தடிக்கிறாங்களே, அந்த நீலத் தூளு செம்புதான். ரெண்டு வருசமா மருந்தே கெடைக்கல. இந்த மழைக்குத்தான் மறுபடி அடிக்கிறாங்க. அடிச்சு முடிச்சு டிரம்ம எல்லாம் மேல ஓடையிலதான் கழுவுறாங்க."

அந்த ஓடைதான் பீலிக்கு வருகிறது.

ஆனாலும் ஜீவராணிக்கு நிச்சயமாகத் தெரிந்தாகவேண்டும். தேயிலை முடிந்து டேப்பன்டைன் மரக் காடு தொடங்கும் இடத்தில், பாறை இடுக்கிலிருந்து ஒரு ஊற்று வருகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கேனோடு அங்கே ஏறிப்போய்த் தண்ணீர் பிடித்தாள். ஊற்றுக்குக் கீழே கல்லைப் புரட்டி, கண்ணாடிபோல் உடம்புள்ள ஓடை இறால்களைச் சல்லடையில் பிடித்துக்கொண்டாள். வீட்டில் மூன்று பேசின்களிலும் எட்டு எட்டு இறாலாக விட்டாள். முதலாவதில் பீலித் தண்ணீர் மட்டும். இரண்டாவதில் ஊற்றுத் தண்ணீர் மட்டும். மூன்றாவதில் ஊற்றுத் தண்ணீரும் அவளுடைய பாசி ஒரு பிடியும்.

திங்கள் மாலை பீலித் தண்ணீரில் நான்கு செத்திருந்தன. பாசி போட்ட பேசினில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஊற்றுத் தண்ணீரில் எட்டும் காலை ஆட்டி மேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீரில் வந்ததையெல்லாம் பாசி தனக்குள் இழுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. அது வாடவும் இல்லை, நிறம் மாறவும் இல்லை.

மூன்று வருடமாக வளர்த்த பாசி அது. பந்தலின் ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். அழகுமுத்து மண்ணைத் தள்ளி மூடினான். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தாள். அழவில்லை. ஆனால் அன்று இரவு சமைக்கவும் இல்லை. அவன்தான் ரொட்டி சுட்டான்.

அடுத்த நாள் பெற்றீசியா வந்தாள். அவளுக்கு வேலை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுச்செல்லும் இருபது பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மூன்று பேசின்களையும் பார்த்தாள். ஜீவராணி நடந்ததைச் சொன்னாள். பெற்றீசியா கேட்டு முடித்து, முதலாவது பேசினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராணி, எறா செத்த இந்தத் தண்ணியிலதான் நான் புள்ளைங்களுக்குப் பால்மா கரைச்சுக் குடுக்குறேன்."

அதுவரை ஜீவராணி பாசியைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. லயத்துக்கே அந்தப் பீலித் தண்ணீர்தான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல, ஆனால் தெரிந்ததும் நினைத்துப் பார்த்ததும் வேறு வேறாக இருந்தன. இறால் மிகச் சின்ன உயிர், மனிதருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது அக்கா, தெரியாததைச் சொல்லி ஊரைக் கலக்க மாட்டேன் என்றாள். தெரிந்ததைச் சொல்லு, போதும் என்றாள் பெற்றீசியா.

இருவரும் தோட்டத் தலைவர் ஆண்டியப்பனிடம் போனார்கள். தொழிற்சங்கத்தில் பழுத்தவர் அவர். அவர் மறுநாளே காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் ஜீவராணியை ஒஃபிஸுக்குக் கூட்டிப்போனார். தோட்ட மானேஜரான தொரை இளவயதுக்காரர், சிங்களவர், தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். கோபப்படுவார் என்றுதான் அவள் பயந்திருந்தாள். அவர் மூன்று பேசின் கதையை இரண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டார். ஒவ்வொன்றிலும் எத்தனை இறால், எத்தனை மணி நேரம் என்று குறித்துக்கொண்டார். டிரம் கழுவுவது எங்கே என்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு இடத்தைச் சொன்னார். அன்றிலிருந்து டிரம்களைக் கீழே ரோட்டோரத்துக் குழியில்தான் கழுவவேண்டும் என்று உத்தரவு போனது. தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்ப பி.எச்.ஐ.யும் வந்து போத்தலில் எடுத்துப் போனார்.

மூன்று கிழமையில் அறிக்கை வந்தது. செம்பு இருக்கிறது, ஆனால் மனிதர் குடிக்கக்கூடிய அளவுக்குள்தான் இருக்கிறது. தொரை அதை ஆட்கள் முன்னால் வாசித்துக் காட்டினார். மருந்தை நிறுத்த முடியாது, நிறுத்தினால் கொழுந்தே இருக்காது என்பதையும் சொன்னார். ஓடையின் இரண்டு பக்கமும் பத்து வரிசைத் தேயிலைக்கு இனி மருந்து படாது என்றும் சொன்னார். லயத்தில் சிலர், இந்த ராணி ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டினாள் என்று பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அறிக்கை நல்லபடியாக வந்ததில் தனக்கு நிம்மதிதான் என்று பெற்றீசியாவிடம் சொன்னாள். அது உண்மையும்கூட.

பெற்றீசியாவுக்கு அது போதவில்லை. மேலே சுத்தமான ஊற்று இருக்கும்போது, அளவுக்குள் இருக்கும் தண்ணீரை ஏன் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டாள். பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போதும் கேட்டாள், கூட்டிப்போகும்போதும் கேட்டாள். செப்டெம்பரில் ஆண்டியப்பன் மறுபடியும் தொரையிடம் போய், ஊற்றுத் தண்ணீரை லயத்துக்குக் கொண்டுவர ஸ்டோரில் சும்மா கிடந்த பழைய குழாய்களைக் கேட்டு வாங்கினார். ஆட்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமை அடுத்தடுத்து மேலே போய் வாய்க்கால் வெட்டினார்கள். அழகுமுத்து ஸ்டோர் வேலை தெரிந்தவன் என்பதால் குழாய்களை இணைக்கிற பொறுப்பு அவனுக்கு வந்தது. அதிகம் பேசாதவன் அந்த மூன்று நாளும் ஆட்களை அதட்டி வேலை வாங்கினான். ஊற்றடியில் சின்னதாகத் தொட்டி கட்டி, தீபாவளிக்கு முதல் வாரம் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். குற்றம் பேசியவர்களும் குடத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

புதுத் தண்ணீர் வந்தது. ஆனால் பாசி இல்லை. ஜீவராணி நடந்தது முழுவதையும் பிரேமினிக்கு எழுதி, உங்கள் இறாலுக்கு என்ன செய்து ஈடுகட்டுவதென்று தெரியவில்லை டீச்சர் என்று முடித்திருந்தாள். பத்து நாள் கழித்து டவுன் பஸ் நிலையத்தில் ஒரு பார்சல் வந்திருப்பதாகக் கொண்டக்டர் சொன்னார். ஈரக் கடதாசியைப் பிரித்தால் உள்ளே கரும்பச்சையாக இரண்டு கை நிறையப் பாசி. ஆரம்பத்தில் அவள் அனுப்பியதில் ஒரு துண்டைப் பிரேமினி தன் மற்றத் தொட்டியில் வைத்திருந்தார். மருந்து அடிக்காத காலத்துப் பாசி அது. அதிலிருந்து வெட்டிய கொப்புகள்தான் இவை என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு போத்தலில் பன்னிரண்டு சிவப்பு இறாலும் இருந்தன. தப்பிப் பிழைத்த தொட்டியில் பெருகியவை.

"இதுங்கள உங்க தொட்டியில விடுங்க அக்கா. தண்ணி கெட்டா மொதல்ல இதுங்கதான் சொல்லும். நல்லாருந்தா ஒங்க மொஸ்ஸுல படியிற நூல்பாசியெல்லாம் தின்னு சுத்தமா வச்சிருக்கும்" என்று போனில் சொன்னார்.

மலைக் குளிருக்கு அவை முதலில் சோர்ந்துதான் கிடந்தன. மூன்று செத்தன. மற்றவை பழகிக்கொண்டு, மார்ச்சில் குஞ்சு விட்டன. இப்போது பாசி உள்ள ஒவ்வொரு பெட்டியிலும் இறால் மேய்கிறது. ஒவ்வொரு நாளும் காலையில் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஜீவராணி தேத்தண்ணி குடிப்பாள். பார்சல் அனுப்பும்போது, பத்து நாளாக இறால் உயிரோடு இருக்கும் பெட்டியிலிருந்து எடுத்தது என்று ஒரு சின்னத் தாளில் எழுதி வைப்பாள். ஏசிய கொழும்புக் கடைக்காரர் திரும்பி வரவே இல்லை. பதில் போடாத இருவரில் ஒருவர் வந்தார். பிரேமினியின் பழக்கத்தில் கண்டியில் புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் மதியம் தூங்கும் வேளையில் பெற்றீசியாவும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு கல்லுக்குப் பாசி கட்டுகிறாள். இன்னும் தடிப்பாகத்தான் பரப்புகிறாள். பாதியைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டச்சொல்லி ஜீவராணி திருப்பிக் கொடுப்பாள், அவள் முறைப்பாள், பிறகு கட்டுவாள்.

இந்த வருடம் ஜீவராணி இன்னொரு வகையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இறகு மாதிரி இலை, நகத்தளவு உயரம், கல்லோடு ஒட்டி வளரும். தொட்டி அமைக்கிறவர்கள் எல்லோரும் கேட்பது அது. வளர்க்க மிகவும் சிரமம். இரண்டு தரம் வாங்கி வைத்தாள், இரண்டு தரமும் பழுத்துப் போயிற்று. மூன்றாவது முறையாக, குழாய்த் தண்ணீர் விழுந்து மெல்ல ஓடும் முதல் பெட்டியிலேயே, நூலால் கட்டாமல் கல்லில் பசை தடவி ஒட்டி வைத்திருக்கிறாள். ஐந்து கிழமை ஆகிறது. பச்சை மாறவில்லை.